இருபத்தேழு நிமிடத் தண்ணீர்

காலையில் எழுந்ததிலிருந்தே செங்கல்லுக்குக் கழுத்து திரும்பவில்லை. இடது பக்கம் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது, சந்துக்குள் மாட்டிக்கொண்ட லாரி திரும்புவது போல. எட்டு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை சூளையில் செங்கல் சுமந்த தலை அது. தலை மறந்தாலும் கழுத்து மறக்காது. மாதத்துக்கு ஒரு தடவை வந்து குத்திக் காட்டிவிட்டுப் போகும். செங்கல் என்ற பட்டப்பெயர் வந்ததும் அங்கிருந்துதான். வாசலில் மாட்டிய துப்பறியும் நிலையப் பலகையில் அவளுடைய சொந்தப் பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

"கழுத்தைக் கழட்டி ரெண்டு நாள் எண்ணெயில ஊறப் போடுங்க மேடம்," என்றார் உதவியாளர்.

"மொதல்ல உங்க வாயை ஊறப் போடுங்க கண்டக்டரே."

கண்டக்டர் சிரித்தார். முப்பது வருடம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்ந்த மனிதர். வேலையை விட்டும் விசிலை விடவில்லை. சட்டைப் பையில் கிடந்தது, கூடவே கிழிக்காத பழைய டிக்கெட் கட்டு ஒன்று. கீழே டயர் ரீட்ரேடிங் கடையிலிருந்து வேகும் ரப்பர் நாற்றம் மாடிக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நாற்றத்தோடு சேர்ந்து ஒரு பெண்ணும் உள்ளே வந்தாள். முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். தோள்பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தாள்.

"பத்து பதிமூணுக்கே வந்துட்டேன். பூட்டியிருந்துச்சு. பதினேழு நிமிஷம் படியிலயே நின்னேன்," என்றாள்.

"பதினேழா! எங்க டிப்போவுல உங்களை மாதிரி ஒரு டைம் கீப்பர் இருந்திருந்தா, பொழப்பு நாறிப் போயிருக்கும்மா," என்றார் கண்டக்டர்.

அவள் சிரிக்கவில்லை. "என் தங்கச்சியை நேத்து சாயங்காலம் ஸ்டேஷன்ல உக்கார வெச்சுட்டாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தப் போறாங்க. அதுக்குள்ள ஏதாவது பண்ணணும். உங்க கால்ல விழணும்னாலும் விழறேன்."

"என் காலும் வலிக்குது. உக்காந்து சொல்லுங்க," என்றாள் செங்கல்.

அவள் சொன்னது இது. தங்கை புள்ளிவிவரத் துறையின் கணக்கெடுப்பாளர். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, கையிலிருக்கும் டேப்லெட்டில் பதிந்து அனுப்புவது வேலை. இன்ன வருடத்துக்குள் பசி இருக்காது, எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகும், எல்லா வீட்டுக்கும் தண்ணீர் கிடைக்கும் என்று நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. எந்த மட்டில் இருக்கிறோம் என்று அவ்வப்போது கணக்குக் காட்ட வேண்டும். தண்ணீருக்கு ஒரு கோடு உண்டு: நல்ல குழாய்க்குப் போய், வரிசையில் நின்று, பிடித்துக்கொண்டு வீடு திரும்ப முப்பது நிமிடத்துக்குள் முடிந்தால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். தாண்டினால் இல்லை.

தங்கைக்கு விழுந்தது எழுபத்தொன்றாம் வட்டம். கல்லுடைக்கிறவர்களின் லைன் வீடுகள். அதில் இருபத்துநான்கு வீடுகளைக் கேட்டு அனுப்பினாள். போன வாரம் அட்டவணையின் நகல் சுற்றுக்கு வந்தபோது பார்த்தால், இருபத்துநான்கு வீடும் முப்பதுக்குக் கீழே இருந்தது. 'நான் பதிந்தது இதுவல்ல' என்று எழுதிக் கொடுத்தாள். 'அப்படியென்றால் நீ அங்கே போகவே இல்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய்' என்று அவள் மேலேயே போலீஸில் புகார் கொடுத்துவிட்டார்கள்.

"அவங்க டேப்லெட்ல பழசு இருக்குமே?" என்றாள் செங்கல்.

"அனுப்பினதும் அழிஞ்சிடும். அடுத்த வட்டத்துக்கு இடம் வேணும்ல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நாலு மணிக்கு இயக்குநர் அட்டவணையில கையெழுத்துப் போடுறாங்க. போட்டுட்டா அதுதான் நாட்டுக் கணக்கு. அப்புறம் தங்கச்சி பேச்சு எடுபடாது. ஒண்ணாந் தேதியிலருந்து அந்தக் காலனிக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை போற தண்ணி லாரியும் நின்னுடும். தண்ணி இருக்கிற இடத்துக்கு எதுக்கு லாரி?"

"தங்கச்சி என்ன சொல்றாங்க?"

"நாலு நிமிஷம் பேச விட்டாங்க. அதுல மூணு நிமிஷம் அழுதா. கடைசியா 'கேனைப் பாருங்கக்கா'ன்னா. எந்தக் கேனுன்னு கேக்கறதுக்குள்ள உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். எழுபத்தொன்றாம் வட்டத்தின் நகல். "நானும் அதே ஆபீஸ்தான். மூணாவது மாடியில கம்ப்யூட்டர் வேலை. பதினோரு மாசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிற ஒப்பந்தம். இதை வெளியில கொண்டு வந்தது தெரிஞ்சா எனக்கும் சீட்டுக் கிழியும். நான் கிளம்பணும். இங்கிருந்து ஆபீஸ் இருபத்திமூணு நிமிஷ நடை."

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கும் வரை செங்கல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பத்தியில் வீட்டுத் தலைவரின் வயது. இன்னொன்றில் தண்ணீர் கொண்டுவரும் நேரம்.

"கண்டக்டரே, உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபதுன்னு வெச்சுக்கங்க."

"அம்பத்தெட்டு. வீட்டுலருந்து இங்க வர எவ்வளவு நேரமாகுது?"

"அரை மணி."

"நான் ஒருநாள் உங்க கூட நடந்து வந்தேன். இருபத்திரண்டு நிமிஷம்."

"அதைத்தான் அரை மணிங்கறேன். மனுஷனா பொறந்தவன் இருபத்திரண்டுன்னா சொல்லுவான்?"

"சொல்ல மாட்டான்." அவள் தாளை அவர் பக்கம் தள்ளினாள். "வயசைப் பாருங்க. நாப்பது, முப்பத்தஞ்சு, அம்பது, நாப்பது, நாப்பத்தஞ்சு. கல்லுடைக்கிறவங்க வயசை இப்படித்தான் சொல்லுவாங்க. எங்கப்பா செத்துப் போற வரைக்கும் அவருக்கு அம்பதுதான். இது கேட்டு எழுதின பத்தி. இப்ப நேரத்தைப் பாருங்க."

கண்டக்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தார். "இருபத்தேழு. இருபத்திமூணு. பத்தொன்பது. இருபத்தெட்டு. இருபத்தாறு. அட, அஞ்சுலயோ பூஜ்யத்துலயோ முடியறது ஒண்ணுகூடக் கிடையாதே! இருபத்தொன்பதுக்கு மேல ஒண்ணுகூட ஏறல."

"ஒரே தாள்ல ரெண்டு கை இருக்கு. பொண்ணு வீடு வீடாப் போயிருக்கா. வயசு அதுக்குச் சாட்சி. அப்புறம் யாரோ இந்த ஒரு பத்தியை மட்டும் உக்காந்து மாத்தியிருக்காங்க. நெஜம் பேசறவன் தோராயமாத்தான் பேசுவான். பொய் சொல்றவனுக்குத்தான் நிமிஷ சுத்தம் வேணும்."

"அப்ப நேரா போய் இயக்குநர் முகத்துல விசிறிடலாமே?"

"நான் சொன்னா நம்புவாங்களா? கேனைத் தேடணும். கிளம்புங்க."

"ரைட்!" என்றார் கண்டக்டர். விசிலை ஊதாமல் விட்டது பெரிய விஷயம்.

*

பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. கண்டக்டர் இறங்கி டிரைவரிடம் தொழில் முறையில் நாலு வார்த்தை பேசியும் அது எழுந்திருக்கவில்லை. மீதி தூரம் நடை. கல் அரைக்கும் கிரஷரின் இரைச்சல் முதலில் வந்தது, பிறகு வெள்ளைத் தூசி, அதற்குப் பிறகுதான் காலனி வந்தது. ஓட்டின் மேல், கயிற்றில் காய்ந்த துணியின் மேல், நாயின் முதுகில், எல்லாவற்றிலும் மாவு தூவியது போல் கல்தூசி. மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.

ஒவ்வொரு கதவிலும் கறுப்பு மார்க்கரில் எண் இருந்தது. 71/8, 71/9. கணக்கெடுப்புக்காக இட்ட எண்கள். வீடுகளில் ஆள் இல்லை.

"எல்லாம் கீழ இருக்காங்க," என்றார் வாசலில் காலை நீட்டிப் படுத்திருந்த ஒருவர். அவருடைய இருமல் பேச்சை விட நீளமாக இருந்தது.

கீழே என்றால் வெட்டிக் கைவிட்ட கல்குழி. அதன் அடியில் ஒரே ஒரு குழாய். சுருள் சுருளாக இறங்கும் தடத்தில் பெண்கள் வெயிலில் குந்தியிருந்தார்கள். வரிசையில் நின்றவை கேன்கள். மஞ்சள், நீலம், வெள்ளை என்று ஒன்றன் பின் ஒன்றாக அறுபது எழுபது இருக்கும். குழாயிலிருந்து ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்தது.

கட்டைவிரலில் துணி சுற்றியிருந்த பெண் ஒருத்தி இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். "எந்த ஆபீஸ்? லாரியை நிறுத்தத்தான் வந்தீங்களா? அப்படியே திரும்பிப் போயிடுங்க. இங்க கல்லுக்குப் பஞ்சமில்ல."

"ஆபீஸ் இல்லம்மா," என்றாள் செங்கல். "கணக்கெடுக்க வந்த பொண்ணை உள்ள வெச்சிருக்காங்க. அதை வெளிய எடுக்கணும்."

பெண்ணின் முகம் மாறியது. "அந்தப் பொண்ணையா? அது என்னங்க பண்ணுச்சு? வந்த ஆளுங்கள்ல வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காந்தது அது ஒண்ணுதான்."

"வேற யாரு வந்தா?"

"ஒருத்தன் பைக்ல வந்தான். மேற்பார்வையாம். பைக்கை விட்டு இறங்கவே இல்ல. சீட்டுல பசை போட்டு ஒட்டிருந்துச்சோ என்னமோ."

"தண்ணிக்கு எவ்வளவு நேரம்னு சொன்னீங்க?"

"ஒன்றரை மணி நேரம்னேன். இவ ஒரு மணின்னா, அவ ரெண்டுன்னா. எங்ககிட்ட என்ன கடிகாரமா இருக்கு? அந்தப் பொண்ணு எழுதிக்கிச்சு. அப்புறம் சொல்லுச்சு: அக்கா, உங்க வாய்ச் சொல்லை மேல நம்ப மாட்டாங்க, என் வாட்ச் சாட்சியா இருக்கட்டும்னு. மறுநாள் விடியறப்பவே வந்துடுச்சு. நாங்க கேனைத் தூக்கறப்ப ஒரு மணி எழுதுச்சு, திரும்பி வந்தப்ப ஒரு மணி எழுதுச்சு."

"எதுல எழுதுச்சு?"

"கேன்லதான்."

செங்கல் உடம்போடு திரும்பினாள். வரிசையில் முன்னால் நின்ற மஞ்சள் கேனின் இடுப்பில் கறுப்பு மார்க்கர் எழுத்து: 71/9. கீழே 6.10. அதற்குக் கீழே 7.45. எழுத்தைச் சுற்றி விரல் அகலத்துக்கு அழுக்கு வளையம். கேன் முழுக்கத் தேய்த்துக் கழுவிப் பளிச்சென்று இருந்தது. அந்த ஒரு இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

"சரிபார்க்க வருவாங்க, அழிச்சிடாதீங்கன்னு சொல்லுச்சு," என்றாள் பெண். "அந்த இடத்தை விட்டுட்டுக் கழுவறோம். மூணு வாரமாச்சு. யாரும் வரல."

கண்டக்டர் இறங்கி வரிசையோடு நடந்தார். நெரிசல் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைத் தேடும் கண். திரும்பி வந்தபோது அவர் குரலில் கிண்டல் இல்லை. "பதினெட்டு கேன்ல எழுத்து இருக்கு மேடம். கம்மி நேரமே அம்பத்தஞ்சு நிமிஷம்."

"மூணு கேன் வேணும்," என்றாள் செங்கல்.

பெண் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "கேனைக் கொடுத்துட்டு நாங்க எதுல பிடிக்கிறது? கையிலயா?"

கண்டக்டர் டிக்கெட் கட்டை எடுத்து ஒன்றைக் கிழித்தார். சில்லறை இல்லாதபோது மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்வது அவர் தொழிலின் வழக்கம். பின்பக்கம் எழுதினார்: 3 கேன். பாக்கி. "இருட்டறதுக்குள்ள கொண்டாந்துடுவோம் தாயி. முப்பது வருஷத்துல நான் எழுதிக் கொடுத்த பாக்கியைக் கொடுக்காம எந்தப் பயணியையும் இறக்கிவிட்டதில்ல."

"ஒருத்தரையும்?"

"ரெண்டு பேரு தூங்கிட்டாங்க. அவங்க வரல, நான் என்ன பண்ண?"

பெண் டிக்கெட்டை வாங்கி முந்தானையில் முடிந்தாள். பக்கத்திலிருந்த இரண்டு பெண்களைப் பார்த்துத் தலையாட்டினாள். மூன்று கேன் வந்தது. அதில் ஒன்று நிறைந்திருந்தது. அதைக் கொட்ட யாருக்கும் மனம் வரவில்லை. பெண்ணின் வீட்டுப் பானையில் ஊற்றிவிட்டுப் போகலாம் என்று செங்கல்லே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தடத்தில் ஏறினாள். கழுத்து நரம்பு சுண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இருபத்தேழு நிமிடம் என்று எழுதியவர்கள் ஒரே ஒரு தடவை இந்த மேட்டை ஏறியிருந்தால் போதும் என்று தோன்றியது.

*

ஆபீஸ் வந்தபோது மணி இரண்டு ஐம்பது. வாசல் காவலாளி காலி கேன்களைப் பார்த்துவிட்டு, "தண்ணி சப்ளை பின்பக்கம்," என்றார். அதுவும் நல்லதுக்குத்தான், யாரும் கேள்வி கேட்கவில்லை.

தரைத்தளத்திலேயே மேற்பார்வையாளர் அகப்பட்டார். பெரிய வயிறும் சின்ன மேசையும் கொண்ட மனிதர். தாளை அவர் முன்னால் போட்டாள் செங்கல். "இந்தப் பத்தியை எப்ப மாத்தினீங்க?"

மனிதர் கோபப்படவில்லை. படித்துப் பார்த்துவிட்டு இடது வலமாகத் தலையாட்டினார். "அம்மா, நான் சோம்பேறி. பைக்கை விட்டு இறங்கல, அதையும் ஒத்துக்கறேன். ஆனா பொய் எழுதறதுக்கும் உழைக்கணும்மா. இருபத்தினாலு வீட்டுக்கு இருபத்தினாலு நம்பர் யோசிக்க எனக்கேது பொறுமை? நானா இருந்தா முப்பது, முப்பது, முப்பதுன்னு போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்."

"நம்பறேன்," என்றார் கண்டக்டர் மனப்பூர்வமாக.

"அப்படிப் போட்டாலும் நிக்காது." மேற்பார்வையாளர் இழுப்பறையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். பாதி வரிகள் சிவப்பில் இருந்தன. "அஞ்சும் பூஜ்யமும் நெறைய வந்தா கம்ப்யூட்டருக்குச் சந்தேகம். ஆளு போகாம உக்காந்து எழுதினதுன்னு நெனைச்சுக்கும். சிவப்பு காட்டி நிறுத்திடும்."

"ஜனங்க அப்படித்தானே சொல்றாங்க?"

"கம்ப்யூட்டர் ஜனங்களைப் பார்த்ததில்லையே."

"நிறுத்தினா, அப்புறம்?"

"மூணாவது மாடிக்குப் போகும். அங்க சிவப்பை எடுத்துட்டு மேல அனுப்புவாங்க."

செங்கல் வெளியே வந்து படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பத்து பதிமூணு. பதினேழு நிமிஷம். நாலு நிமிஷம் பேசி, மூணு நிமிஷம் அழுகை. இருபத்திமூணு நிமிஷ நடை.

"என்ன மேடம், கழுத்தா?"

"காலையில வந்த அந்த அம்மா ஒரு தடவையாவது அரை மணின்னு சொல்லிச்சா? பத்து நிமிஷம், கால் மணி, ஏதாவது?"

கண்டக்டர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் தொங்கியது. "அஞ்சு மணின்னு சொல்லுச்சே."

"அது மாஜிஸ்ட்ரேட் வெச்ச நேரம். தானா சொன்னதுல ஒரு அஞ்சு, ஒரு பூஜ்யம் கிடையாது. வருஷக் கணக்கா அதை ஒதுக்கி ஒதுக்கி, வாயிலயும் வராமப் போச்சு."

"அடப் பாவமே. கூடப் பொறந்தவளை வெளிய எடுக்கச் சொல்லி நம்மகிட்ட வந்து அழுதுச்சே!"

"அழுதது நெஜம்தான். கேனைப் பத்திச் சொன்னதும் அதுதானே. சொல்லாம விட்டிருந்தா நாம எங்க போயிருப்போம்?" செங்கல் கேன்களைத் தூக்கினாள். "கேனே போதும்னா அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். வாங்க."

*

இயக்குநரின் அறைச் சுவரில் பதினேழு வண்ணக் கட்டங்கள் போட்ட பெரிய படம். பதினேழு வாக்குறுதி. ஆறாவது, தண்ணீர், நல்ல நீலம். அதன் கீழே உட்கார்ந்திருந்த அம்மாளின் கண்கள் மூன்று நாள் தூங்காதவர் கண்கள். மேசையில் டீ ஆடை கட்டிக் கிடந்தது. கேன்களை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செங்கல் சொன்ன வயதுக் கணக்கையும் நேரக் கணக்கையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது நெஜமா இருக்கலாம்," என்றார் கடைசியில். "ஆனா கேன்ல யாரு வேணும்னாலும் எழுதலாமேம்மா."

"அட்டவணையிலயும்தான் எழுதியிருக்காங்க மேடம்," என்றார் கண்டக்டர்.

இயக்குநர் அவரை முறைக்கக்கூட இல்லை. அவ்வளவு களைப்பு. "யாரு மாத்தினாங்கன்னு ஒரு ஆள் வாக்குமூலம் இருந்தா நான் புகாரை வாபஸ் வாங்கறேன், வட்டத்தையும் திருத்தறேன். இல்லன்னா என் கை கட்டிப் போட்டிருக்கு. மூணு முப்பத்தஞ்சு ஆச்சு. நாலு மணிக்கு இது போயாகணும்."

செங்கல் கண்டக்டரோடு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். ஒவ்வொரு படியும் கழுத்தில் ஏறியது. நடைபாதைக் கோடியில் குடிநீர்க் குழாய். அதில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் அவள். திருகினதும் தண்ணீர் வந்தது.

"கேன் கெடைச்சுதா?" என்றாள், இவர்களைப் பார்த்ததும். "மேற்பார்வையாளர்தானே? அந்த ஆளுதானே பண்ணினது?"

"ஸ்டேஷன் இங்கிருந்து எவ்வளவு தூரம்மா?"

"பதினாறு நிமிஷம்."

"கால் மணி நேரம்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். பாட்டில் நிறைந்து கையில் வழிந்தது. செங்கல் எட்டிக் குழாயை மூடினாள்.

"என்கிட்ட யாரும் பொய் எழுதச் சொல்லல," என்றாள் அவள். "சிவப்பை எடுன்னு சொன்னாங்க. முப்பதுக்குக் கீழ வந்தா கேள்வி வராதுன்னு சொன்னாங்க. வாயாலதான் சொல்லுவாங்க, எழுத்துல எதுவும் வராது. சிவப்போட திருப்பினா பதினோராவது மாசம் ஒப்பந்தம் கிடையாது. வட்டத்து நம்பர் மட்டும்தான் எனக்குத் தெரியும். யாரு போனா, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. எழுபத்தொண்ணு என் தங்கச்சியோடதுன்னு சத்தியமா தெரியாது. அவ புகார் எழுதின அன்னிக்குத்தான்..."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்." அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவளுக்குத் தெரியும்க்கா. சிவப்பு எந்த மாடிக்கு வரும்னு கணக்கெடுக்கிற எல்லாருக்கும் தெரியும். புகார்ல மாடியை எழுதல. ஸ்டேஷன்லயும் சொல்லல. கேனைப் பாருன்னா. என்னைக் காட்டிக் கொடுக்கல."

கண்டக்டர் வேறு பக்கம் பார்த்தார். செங்கல்லுக்கு அப்படித் திரும்ப முடியவில்லை.

"மூணு நாப்பத்திரண்டு," என்றாள் செங்கல். "நீங்க எழுதிக் கொடுத்தா தங்கச்சி வெளிய வருவா."

"அவ வெளிய வர்ற கதவு வழியா நான் உள்ள போகணும்."

"ஆமா."

இதை இனிப்புத் தடவிச் சொல்ல வழி இல்லை. அவள் பாட்டிலைத் தரையில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

*

இயக்குநர் மேசையில் குனிந்து அவள் எழுதினாள். எட்டு வரி. கையெழுத்துப் போட்டுத் தேதியும் நேரமும் எழுதினாள்: 3.47. இயக்குநர் ஸ்டேஷனுக்குப் போன் செய்து புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். கடிதம் பின்னால் வரும், மாற்றியவர் இங்கேயே இருக்கிறார் என்றார். பிறகு எழுபத்தொன்றாம் வட்டத்தை எடுத்து, இருபத்துநான்கு வீட்டையும் 'தண்ணீர் இல்லை' என்று மாற்றினார். காலனிக்கு லாரி நிற்காது.

கண்டக்டர் பெருமூச்சு விட்டார். "ரைட். போலாம் மேடம்."

"இருங்க," என்றாள் அக்காக்காரி. பையின் உள்பொந்திலிருந்து நாலாக மடித்த துண்டுச்சீட்டு ஒன்றை எடுத்தாள். வரிசையாக எண்கள். "இதுவும் நான் சிவப்பை எடுத்த வட்டங்கதான். இந்த ஒரு சுத்துல மட்டும். பதினொண்ணு."

செங்கல் அவளையே பார்த்தாள். "நெஜமான பதினொண்ணா, உங்க பதினொண்ணா?"

"எண்ணிப் பாருங்க."

எண்ணினார்கள். பதினொன்றுதான்.

இயக்குநர் சீட்டை வாங்கவில்லை. கையை மேசையிலேயே வைத்திருந்தார். "இதுக்கெல்லாம் கேன் இருக்கா?"

"இல்ல."

"பழைய நம்பர் எங்கயாவது இருக்கா?"

"பழசு மேலயே எழுதினேன். அழிஞ்சு போச்சு."

"அப்ப நான் எதைப் போடறது? ஒண்ணு திருத்தினதைப் போடணும், இல்லன்னா மறுபடி போய்க் கேக்கணும். அதுக்கு ஆள் இல்ல, நாள் இல்ல. அடுத்த கணக்கெடுப்பு மூணு வருஷம் கழிச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அடிக்குறிப்பு போடறேன். சில வட்டங்கள் சரிபார்ப்பில் உள்ளனன்னு."

"அடிக்குறிப்பை யாரும்மா குடிக்கிறது?" என்றாள் செங்கல்.

சுவர்க் கடிகாரம் நாலைத் தொட்டது. இயக்குநர் கையெழுத்திட்டார். நாட்டில் தண்ணீர் இருக்கும் வீடுகளின் கணக்கு உலகத்துக்குக் கிளம்பிப் போனது, இருபத்துநான்கு வீடு மட்டும் குறைந்து.

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. அக்காக்காரி தானாகவே நடந்து போய் ஏறினாள். ஏறும்போது திரும்பி, "தங்கச்சி வந்ததும் சாப்பிட வெச்சுட்டு அப்புறமா சொல்லுங்கக்கா," என்றாள்.

"சொல்றேன்," என்றாள் செங்கல்.

கேன்களைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். இருட்டுவதற்குள் காலனி போய்ச் சேர வேண்டும். கண்டக்டர் வாயே திறக்கவில்லை. செங்கல்லுக்கு அதுதான் கழுத்து வலியை விடக் கஷ்டமாக இருந்தது.

"கணக்குப் போடுங்க," என்றாள். "பதினோரு வட்டம். வட்டத்துக்கு இருபத்தினாலு."

அவர் உதட்டை அசைத்து மனக்கணக்குப் போட்டார். பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தபடியே டிக்கெட் ஒன்றைக் கிழித்து, முழங்காலில் வைத்துப் பின்பக்கம் எழுதி, அவளிடம் கொடுத்தார். இடுக்கி இடுக்கி எழுதிய எழுத்து.

264 வீடு. தண்ணீர். பாக்கி.